போளூருக்குப் போகும் பழைய அச்சு

கொடைக்கானலிலிருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று நீளும் மேல்மலைச் சாலையின் கோடியில் இருக்கும் ஊர்களில் ஒன்று போளூர். திருவண்ணாமலை மாவட்டத்தில் இதே பெயரில் ஒரு பெரிய ஊர் இருப்பதால், தேடுகிறவர்கள் அடிக்கடி அங்கே போய் நிற்கிறார்கள். நாம் பேசுவது உருளைக்கிழங்கும் கேரட்டும் பூண்டும் விளைகிற மலையூர். அங்கே ஒருவரின் மின்சாரக் காரில் ஆக்ஸில் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். புதிய ஆக்ஸிலின் விலை கையைக் கடிக்கும், அல்லது அந்த மாடலுக்குப் புதியதே வருவதில்லை. சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் ஒன்று கிடைக்கிறது. கடைக்காரர், ‘அப்படியே மாட்டிக்கலாம், சரியா உக்காரும்’ என்கிறார். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். சரியாக உட்கார்வது பொருத்தத்தின் தொடக்கம் மட்டுமே என்பதை இந்த அத்தியாயம் காட்ட முயல்கிறது. ஓர் அச்சு இதுவரை எத்தனை முறை, எந்த எல்லையிலிருந்து எந்த எல்லை வரை முறுக்கப்பட்டது என்பதும் இனி எப்படி முறுக்கப்படப் போகிறது என்பதும் பொருத்தத்தில் சேர்ந்தவை. மின்சாரக் காரில், அதுவும் மலையில், இந்த இரண்டாவது கணக்குக்குத்தான் எடை அதிகம்.

அளவுப் பொருத்தத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பட்டறைகளில் ஆக்ஸில் என்றும் டிரைவ் ஷாஃப்ட் என்றும் சொல்லப்படுவது, கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்கு முறுக்குவிசையைக் கொண்டுபோகும் எஃகுத் தண்டு. இரு முனையிலும் சி.வி. ஜாயின்ட். முனைகளில் இருக்கும் ஸ்ப்ளைன் பற்களின் எண்ணிக்கை, தண்டின் நீளம், ஹப் நட்டின் மரை, ஏ.பி.எஸ். வளையம் அச்சோடு வருகிறதா ஹப்போடு வருகிறதா, இடப்பக்கமா வலப்பக்கமா: இவற்றில் ஒன்று தவறினாலும் வேலை நடக்காது. சற்று நீளம் கூடினால் சஸ்பென்ஷன் அமுங்கும்போது தண்டு கியர்பாக்ஸ் பேரிங்கை இடிக்கும். குறைந்தால் பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஜாயின்ட் கழன்று வரும். பல் எண்ணித் தேர்ந்தவர்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். அவர்களையும் ஏமாற்றுவது வண்டியின் பெயர். 2020இல் வந்த டாடா நெக்ஸான் இ.வி.யின் மோட்டார் 245 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தந்தது. 2022இல் வந்த மேக்ஸ் வகை 250. 2023இல் உருமாறி வந்த நெக்ஸான் இ.வி. 215. பெயர்ப்பலகை ஒன்று, உள்ளே இருப்பவை மூன்று. ஆகவே கடையில் சொல்ல வேண்டியவை மாடல் பெயரோடு ஆண்டும் வகையும், பழைய ஆக்ஸிலில் பொறித்த பாக எண்ணும்.

அளவு சரியாக இருந்து தண்டு மட்டும் சற்று மெல்லியதாக இருந்தால் என்ன? பார்வைக்கு ஒன்றுமில்லை. கணக்கில் நிறைய. ஓர் உருண்டைத் தண்டை முறுக்கும்போது அதன் மேற்பரப்பில் உண்டாகும் தகைவு, விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 25 மில்லிமீட்டர் தண்டுக்குப் பதிலாக 22 மில்லிமீட்டர் தண்டை மாட்டினால் விட்டம் 12 சதவீதம்தான் குறைகிறது. தகைவோ ஏறக்குறைய 47 சதவீதம் கூடுகிறது. விரலால் தடவிப் பார்த்தால் தெரியாத 3 மில்லிமீட்டர், எஃகுக்கு இவ்வளவு பெரிய சுமை. சந்தையில் வெர்னியர் காலிப்பர் இல்லாமல் ஆக்ஸில் வாங்குவது, தராசு இல்லாமல் பூண்டு வாங்குவதைப் போன்றது.

இங்கே அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் நியாயமான ஒரு மறுப்பைச் சொல்வார். மின்சார மோட்டாருக்கு முறுக்கு அதிகம் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். ஆனால் பெட்ரோல் காரில் முதல் கியரில் அச்சுக்கு வரும் முறுக்கும் குறைந்ததில்லையே என்பார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் பக்கம் உண்மை இருக்கிறது. 170 நியூட்டன் மீட்டர் தரும் பெட்ரோல் எஞ்சின், முதல் கியரும் ஃபைனல் டிரைவும் சேர்ந்து சுமார் 14 மடங்கு பெருக்கினால், சக்கரங்களுக்குக் கிட்டத்தட்ட 2,400 நியூட்டன் மீட்டர் வருகிறது. 245 நியூட்டன் மீட்டர் மோட்டாருக்கு ஒரே கியர்தான். மின் கார்களில் அது பொதுவாக 8 முதல் 10 மடங்குக்குள் இருக்கும். 9 என்று வைத்தால் 2,200. ஒவ்வோர் அச்சுக்கும் சுமார் 1,100. உச்ச முறுக்கில் பெட்ரோல் காரே ஒரு படி மேலே நிற்கிறது. மின்சாரக் கார் அச்சை முறித்துவிடும் என்ற பேச்சை, உச்ச முறுக்கை மட்டும் வைத்து நிறுவ முடியாது. அப்படியானால் வேறுபாடு எங்கே? பெட்ரோல் காரில் அந்த உச்சத்தை கிளட்ச் தணித்துக் கொடுக்கிறது, முதல் கியரும் சில நொடிகளில் விலகிவிடுகிறது. மின்சாரக் காரில் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்கும் கிடைக்கிறது, நடுவில் வழுக்கிக் கொடுக்க கிளட்ச் இல்லை. இதுவும் பாதி விடைதான். மீதியைத் தேட 180 ஆண்டுகளுக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

1842ஆம் ஆண்டு மே 8 அன்று, வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயில் ஒன்றின் எஞ்சின் அச்சு மூதோன் அருகே முறிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றின. 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த அச்சு அன்று வழக்கத்துக்கு மீறிய பாரம் எதையும் சுமக்கவில்லை. நேற்றும் அதற்கு முன்தினமும் தாங்கிய அதே பாரத்தில்தான் முறிந்தது. அதிர்வினால் இரும்பின் நார்த்தன்மை மாறிப் படிகமாகிவிடுகிறது என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்துக்காரரான ராங்கின், முறிந்த அச்சுகளை ஆராய்ந்து வேறொன்றைச் சொன்னார்: தண்டின் விட்டம் சட்டென்று மாறும் தோள்பகுதியில் ஒரு சிறு விரிசல் தொடங்கி, நாளுக்கு நாள் உள்நோக்கி நகர்கிறது. பிறகு ஜெர்மானிய ரயில்வேப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர், 1850களிலும் 60களிலும் அச்சுத் துண்டுகளை எந்திரத்தில் சுழற்றி, வளைத்து, முறியும் வரை எண்ணிக்கொண்டே இருந்தார். இன்று உலோகச் சோர்வு என்று நாம் அழைக்கும் துறை அவருடைய பொறுமையில் பிறந்தது. அச்சு என்றதும் நம்மில் பலருக்கு, மயிலிறகை அளவுமீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற வள்ளுவரின் உவமை நினைவுக்கு வரும். வள்ளுவர் பேசியது ஒரே நேரத்தில் குவியும் பாரத்தை. வோலர் கண்டது காலத்தில் குவியும் பாரத்தை: தாங்கக்கூடிய சுமையே லட்சக்கணக்கான முறை வந்து போனால் முறிக்கும்.

வோலரின் இன்னொரு முடிவுதான் நமக்கு முக்கியம். சோர்வைத் தீர்மானிப்பது தகைவின் உச்சம் மட்டுமல்ல. மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் நடுவிலுள்ள வீச்சுதான் பெரிதும் தீர்மானிக்கிறது. கம்பியை ஒரே பக்கம் வளைத்துவிடும்போது அது தாக்குப்பிடிக்கிறது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி வளைத்தால் சீக்கிரம் ஒடிகிறது. இதை மின்சாரக் காருக்குக் கொண்டுவருவோம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடித்து இழுக்கிறது. பேட்டரிக்கு மின்சாரம் திரும்புகிறது. அந்த இழுவை முழுவதும் அச்சின் வழியாக, எதிர்த்திசை முறுக்காகவே போகிறது. ஆட்களோடு 1,600 கிலோ இருக்கும் கார், ஈர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இப்படி வேகம் குறைக்கிறது என்று கொள்வோம். சக்கர ஆரம் 30 சென்டிமீட்டர் என்றால், இரு அச்சுகளுக்கும் சேர்த்து 940 நியூட்டன் மீட்டர், ஒவ்வொன்றுக்கும் சுமார் 470. ஒரு பக்கம் 1,100, மறுபக்கம் 470. 25 மில்லிமீட்டர் தண்டில் தகைவாக மாற்றினால், முன்னோக்கி முறுக்கும்போது சுமார் 358 மெகாபாஸ்கல், பின்னோக்கி 153. வீச்சு 358இலிருந்து 511 ஆகிறது. சோர்வு ஆயுள் வீச்சின் ஏறத்தாழ ஐந்தாம் அடுக்கில் குறையும் என்று எடுத்துக்கொண்டால், 43 சதவீதக் கூடுதல் வீச்சு, ஆயுளை ஆறில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்துவிடும். பெட்ரோல் காரிலும் எஞ்சின் பிரேக்கிங் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் இரண்டாம் கியரில் இறங்கும் ஒரு சிறு எஞ்சினின் இழுவை, நான் மேலே கணக்கிட்டதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். அத்தோடு அது இறக்கத்தில் எப்போதாவது வருவது. மின்சாரக் காரில் கால் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் வருகிறது.

இந்த எண்களை ஒரு எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். எல்லாமே உச்ச எல்லைகள். மலையேறும் கார் எப்போதும் முழு முறுக்கில் ஏறுவதில்லை. 8 சதவீத ஏற்றத்தில் அதே கார் ஒரே வேகத்தில் ஏற, ஒவ்வோர் அச்சுக்கும் 220 நியூட்டன் மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே தேவை. அதே சரிவில் இறங்கும்போது எதிர்முறுக்கு 160 அளவில் இருக்கும். நல்ல எஃகுத் தண்டுக்கு இது தூசு. மலை என்றாலே அச்சு போய்விடும் என்பது அதனால் சரியில்லை. ஏற்றம் அச்சைத் தின்பதில்லை, வளைவு தின்கிறது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குச் சுமார் 1,800 மீட்டர் உயரம் ஏறும் சாலையிலும், அதைத் தாண்டி மேல்மலைக்குப் போகும் குறுகலான சாலையிலும், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் முன்னால் கால் எடுக்கிறோம், வளைவு முடிந்ததும் மிதிக்கிறோம். ஒவ்வொரு வளைவும் ஒரு முழுச் சுற்று: பின்முறுக்கு, முன்முறுக்கு. சமவெளி நாற்கரச் சாலையில் ஒரு மணி நேரத்தில் வராத சுற்றுகள் இங்கே சில கிலோமீட்டரில் வந்துவிடுகின்றன. அத்தோடு வளைவில் ஸ்டீரிங் முழுக்கத் திரும்பியிருக்கும்போது வெளி ஜாயின்ட் பெருங்கோணத்தில் நின்றபடி முறுக்கை வாங்குகிறது. ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்பிரட் செப்பா 1920களில் வடிவமைத்த, ஆறு குண்டுகள் கொண்ட அந்த மூட்டுதான் இன்றும் பெரும்பாலான கார்களின் வெளிமுனையில் இருக்கிறது. கோணம் கூடக் கூடக் குண்டுகள் தம் தடத்தில் முன்னும் பின்னும் அதிக தூரம் உரசுகின்றன. டெஸ்லா மாடல் எக்ஸ் கார்களில், சஸ்பென்ஷனை உயர்த்தி வைத்துக்கொண்டு வேகமாக முடுக்கும்போது முன் அச்சுகள் அதிர்ந்தது பலரும் அறிந்த செய்தி. கோணமும் முறுக்கும் ஒன்றாகச் சேர்வதுதான் அங்கேயும் வில்லங்கம். ஆகவே ஒரே கிலோமீட்டர் ஓடிய இரண்டு பழைய அச்சுகளில் ஒன்று சமவெளியிலும் மற்றது மலையிலும் ஓடியிருந்தால் அவை ஒரே சரக்கு ஆகா.

இவ்வளவு பேசிவிட்டு, பழையதே வேண்டாம், புதியது வாங்குங்கள் என்று முடிப்பது எளிது. அது நியாயமாகாது. இந்தியாவின் முதல் பரவலான மின்சாரக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். சேத்தன் மைனியின் பெங்களூரு நிறுவனம் 2001இல் ரேவாவைச் சாலைக்குக் கொண்டுவந்தது. பிரிட்டனிலும் அது ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியது. 2010இல் மஹிந்திரா அந்த நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கியது, 2013இல் இ2ஓ வந்தது, பிறகு இ2ஓ பிளஸ். இன்று இவற்றில் எதுவும் உற்பத்தியில் இல்லை. ஓடும் நிலையில் மிஞ்சியிருக்கும் வண்டிகளுக்குப் பழைய உதிரிபாகம்தான் உயிர். அதை மறுத்தால் நல்ல நிலையிலுள்ள ஒரு காரை ஒரு தண்டுக்காகக் குப்பையில் போடச் சொல்கிறோம் என்று பொருள். மேலும் எஃகுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வீச்சு ஓர் எல்லைக்குக் கீழே இருக்கும்வரை அது கிட்டத்தட்ட எத்தனை சுற்றுகளையும் தாங்கும். வீச்சுக்கு எதிரே தாங்கும் சுற்றுகளைக் குறிக்கும் வோலரின் வரைகோடு அந்த இடத்தில் படுத்துவிடுகிறது. அலுமினியத்துக்கு அந்த வரம் இல்லை. ஆகவே மென்மையாக ஓட்டப்பட்ட, துரு ஏறாத, கீறல் விழாத எஃகு அச்சு, பத்து வருடம் ஓடியிருந்தாலும் உள்ளுக்குள் ஏறக்குறைய புதியதாகவே இருக்கலாம். மூன்று வருடமே ஓடி, ஜாயின்டை மூடும் ரப்பர் உறையான பூட் கிழிந்து உள்ளே சேறு புகுந்து, தோள்பகுதியில் துருக்குழி விழுந்த ஒன்று, ஆயுளின் முக்கால்வாசியைச் செலவழித்திருக்கலாம். வயதைப் பார்த்து விலை பேசும் சந்தைக்கு இது புரிய வேண்டும்.

லேத் பட்டறையில் இரண்டு அச்சுகளை வெட்டி ஒட்ட வைத்து ஒன்றாக்கிக்கொள்ளலாமே என்ற யோசனையும் வரும். நம் லேத்காரர்களின் கைத்திறனில் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. பம்புசெட்டும் டிராக்டரும் அவர்களால்தான் ஓடுகின்றன. ஆனால் இந்த ஒரு வேலையை அவர்களிடம் கேட்கக் கூடாது. டிரைவ் ஷாஃப்டின் மேல்தோல் தூண்டல் சூடேற்றத்தால் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கடினமாக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தோல் நிரந்தரமாக அழுத்தத்தில் இருப்பதால்தான் விரிசல் வாய்திறக்க இடம் கிடைப்பதில்லை. வெல்டிங் சூடு அதை ஒரு வளையமாகச் சுற்றி மென்மையாக்கிவிடும். ஒட்டு உறுதியாக இருக்கும். முறிவு ஒட்டுக்குப் பக்கத்தில் நடக்கும். ராங்கின் சொன்ன தோளை நாமே புதிதாக உண்டாக்கிக் கொடுத்ததாக ஆகும்.

முறிந்தால்தான் என்ன, வண்டி நிற்கும், இழுத்து வந்துவிடலாம் என்பது எல்லாவற்றிலும் ஆபத்தான மறுப்பு. ஒரு பக்க அச்சு முறிந்தால், சாதாரண டிஃபரன்ஷியல் அந்தப் பக்கத்தைச் சும்மா சுற்றவிடும். மறுபக்கச் சக்கரத்துக்கும் முறுக்கு போகாது. இறக்கத்தில் இது நடந்தால், மோட்டார் தந்துவந்த பிடிமானம் ஒரு நொடியில் இல்லாமல் போகும். 1,600 கிலோ காரை 1,800 மீட்டர் இறக்க வெளியேற்ற வேண்டிய ஆற்றல் 7.8 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். உருளும் உராய்வும் காற்றும் போக மீதியை பிரேக் மட்டுமே தனியாகச் சூடாக வெளியேற்ற வேண்டியிருக்கும். வண்டி நின்ற பிறகும் கதை முடிவதில்லை. பல மின்சாரக் கார்களில் பார்க் நிலை என்பது கியர்பாக்ஸுக்குள் ஒரு பல்லைப் பூட்டுவது. கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவே தண்டு இல்லையென்றால் அந்தப் பூட்டு எதையும் பிடிக்காது. 2022இல் அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகள் சுமார் 2.5 லட்சம் திரும்ப அழைக்கப்பட்டதற்குக் காரணம் இதுவே: பின் அச்சுப் பெட்டியைப் பிடிக்கும் போல்ட் முறிந்தால் தண்டு கழன்று, பார்க்கில் நிறுத்திய வண்டி உருளக்கூடும். அது பெட்ரோல் வண்டி, இயக்கவியல் ஒன்றே. போளூர்ச் சரிவில் நிறுத்தும் காருக்கு, சக்கரத்தை நேரடியாகப் பிடிக்கும் ஹேண்ட் பிரேக் எந்த நிலையிலும் போட்டிருக்க வேண்டும். பழைய அச்சு மாட்டிய வண்டியில் கூடுதல் கவனத்தோடு.

வாங்கும்போது செய்யக்கூடியவை உண்டு. பூட் கிழிந்திருந்தால் ஜாயின்டைத் திறந்து, கிரீஸை விரலிடுக்கில் தேய்த்துப் பார்க்கலாம். மணலாக உறுத்தினால் அந்த ஜாயின்ட் முடிந்தது. தண்டைப் பிடித்துக்கொண்டு ஜாயின்டை முன்னும் பின்னும் திருகினால் தெரியும் ஆட்டம், மின்சாரக் காரில் முக்கியம். முறுக்கு திசை மாறும் ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளி ஒரு சுத்தியல் அடி. எஞ்சின் சத்தம் இல்லாததால் அது காதிலும் விழும். ஸ்ப்ளைன் வேரையும் தோளையும் துடைத்து, சாயம் தடவித் துடைத்து டெவலப்பர் தெளிக்கும் சோதனையைச் செய்தால் மேற்பரப்பு விரிசல் சிவப்புக் கோடாக எழும். அதற்கான டப்பாக்கள் வெல்டிங் சாமான் கடைகளில் கிடைக்கும். இந்திய ரயில்வே தன் அச்சுகளை மீயொலியால் சோதித்தே ஓடவிடுகிறது. கார் அச்சுக்கு அவ்வளவு வேண்டாம், சிவப்புக் கோடு போதும்.

ஆனால் எந்தச் சோதனையும் இன்னும் தொடங்காத விரிசலைக் காட்டாது. செலவான ஆயுளைச் சொல்ல வரலாறு ஒன்றுதான் இருக்கிறது, அந்த வரலாறு வண்டியை உடைக்கும் இடத்திலேயே தொலைந்துபோகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரியிலிருந்து மின்வாகன பேட்டரிகளுக்கு டிஜிட்டல் கடவுச்சீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இந்தியாவில் 2021இல் பதிவுபெற்ற வாகன உடைப்பு மையங்களுக்கான விதிகள் வந்தன. உள்ளே வரும் ஒவ்வொரு வண்டியின் பதிவுச் சான்றும் அங்கே கையில் இருக்கிறது. பேட்டரிக்குத் தரும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கை அச்சுக்குத் தந்தால் போதும். கழற்றும்போதே கம்பியில் கட்டிவிட ஒரு தகடு: எந்த வண்டி, எந்த ஆண்டு, எத்தனை நியூட்டன் மீட்டர் மோட்டார், எந்தப் பக்கம், எத்தனை கிலோமீட்டர், எந்த ஊரில் ஓடியது. சென்னையில் ஓடியதா, கொடைக்கானலில் ஓடியதா என்ற கடைசி வரியை, போளூரில் இருப்பவர் முதலில் படிப்பார்.